ஜெல் மெத்தையின் குளிர்ச்சி: திருச்சிராப்பள்ளி இரவுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

திருச்சிராப்பள்ளியின் தில்லை நகரிலும் சாலை ரோட்டிலும் உள்ள அறைகலன் கடைகளிலும், அவற்றைவிடப் பெருமளவில் இணைய விற்பனைத் தளங்களிலும், நடுத்தரக் குடும்பத்தின் கட்டிலுக்கு இன்று முதலில் முன்மொழியப்படுவது ஜெல் மெமரி ஃபோம் மெத்தையே. உடலின் வெப்பத்தை ஈர்த்துக் குளிர்ச்சி தரும், முதுகெலும்பைத் தாங்கும், அழுத்தத்தைப் பகிர்ந்தளிக்கும், பத்தாண்டு உழைக்கும் என்பன அதைப் பற்றிக் கூறப்படும் முதன்மையான உரிமைகோரல்கள். இவற்றுள் குளிர்ச்சி பற்றியதே விலையை உயர்த்துவது. ஜெல் கலவாத மெமரி ஃபோமுக்கும் ஜெல் கலந்ததற்கும் உள்ள விலை வேறுபாடு முழுவதும் அந்த ஒரு சொல்லையே சார்ந்து நிற்கிறது. ஆதலின் அச்சொல் எந்த அளவுக்கு மெய், எந்தச் சூழலில் மெய், ஆண்டின் பெரும்பகுதியில் இரவிலும் வெப்பம் தணியாத காவிரிக்கரை நகரொன்றில் அது மெய்யாக நிற்குமா என்பதை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

மெமரி ஃபோம் என்பது பாலியூரித்தேன் நுரையின் ஒரு வகை. பாலியூரித்தேனை 1937இல் ஜெர்மனியின் லெவர்குசனில் ஓட்டோ பேயரும் அவருடைய குழுவினரும் உருவாக்கினர். அதன் நெகிழும் நுரை வடிவம் பின்னர் மெத்தைகளுக்கும் நாற்காலி இருக்கைகளுக்கும் பரவியது. 1966இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்திற்காகச் சார்லஸ் யோஸ்ட் என்னும் பொறியாளர், விமான இருக்கைகளில் அமர்ந்திருப்போரை மோதலின் அதிர்விலிருந்து காக்கவும் நீண்ட பயணத்தில் அவர்களுடைய அசதியைக் குறைக்கவும், அழுத்தினால் மெல்ல அமிழ்ந்து, அழுத்தத்தை விட்டால் மெல்ல எழும் நுரையொன்றை வடிவமைத்தார். பாகு போல மெல்ல நகரும் தன்மையும் ரப்பர் போலப் பழைய வடிவுக்கு மீளும் தன்மையும் ஒருங்கே பெற்றிருப்பதால் இதனைப் பாகுமீள்மை நுரை என்பர். 1980களில் நாசா இந்த நுட்பத்தைப் பொதுப் பயன்பாட்டுக்கு விட்டபின், ஸ்வீடன் நாட்டு நிறுவனமொன்று அதை மெத்தைக்கு உகந்ததாகச் செம்மைப்படுத்தி, 1991இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்றைய விளம்பரங்களில் தவறாமல் இடம்பெறும் விண்வெளிப் பெருமைக்குப் பின்னால் உள்ள வரலாறு இவ்வளவே. விண்கலத்தில் எடையற்ற நிலையில் உறங்குவோர் சுவரில் கட்டிய உறக்கப் பைகளில் துயில்வதால் அவர்களுக்கு மெத்தையே தேவைப்படுவதில்லை; விமான இருக்கைக்காகப் பிறந்த பொருள் வெப்ப நாட்டுப் படுக்கைக்குப் பொருந்துமா என்பது தனியாக நிறுவப்பட வேண்டிய ஒன்று.

இந்த நுரையின் இயல்பு வெப்பநிலையோடு மாறும் என்பதே இங்குக் கருதத்தக்க முதற்செய்தி. எல்லாப் பலபடிச் சேர்மங்களுக்கும், அதற்குக் கீழே விறைப்பாகவும் அதற்கு மேலே இளக்கமாகவும் ஆகின்ற ஒரு வெப்பநிலை எல்லை உண்டு. சாதாரண நுரைக்கு அவ்வெல்லை உறைபனி நிலைக்கும் வெகு கீழே இருப்பதால் அன்றாட வாழ்வில் அதன் மென்மை மாறுவதாகத் தோன்றாது. மெமரி ஃபோமுக்கோ அது அறை வெப்பநிலையை ஒட்டியே அமைக்கப்பட்டிருக்கிறது. உடற்சூடு பட்ட இடம் மட்டும் இளகி, படாத இடம் விறைப்பாக நின்று, உடலின் வடிவத்தை ஏற்றுக்கொள்வதன் காரணம் இதுவே. குளிர்ந்த நாட்டில் இது நன்மை. அறை முழுவதும் 32, 33 பாகை செல்சியஸில் இருக்கும்போது, உடல் பட்ட இடமும் படாத இடமும் ஏறத்தாழ ஒரே அளவில் இளகிப் போகும். படுப்பவர் கூடுதலாக அமிழ்வார். அமிழ அமிழ மெத்தையோடு ஒட்டும் தோலின் பரப்பு கூடும். ஒட்டிய பரப்பில் காற்றுக்கு இடமில்லை. மெமரி ஃபோம் சூடேறுகிறது என்னும் பரவலான குறைபாட்டிற்கு வேர் இங்கேதான் இருக்கிறது. நுரையின் உட்புறம் பெரும்பாலும் அசையாக் காற்றே ஆகையால் அது இயல்பிலேயே வெப்பத்தைக் கடத்தாது என்பதும் இதனோடு சேர்கிறது; குளிர்பதனப் பெட்டியின் சுவரில் வெப்பத்தடுப்பாக நிரப்பப்படுவதும் பாலியூரித்தேன் நுரையின் இன்னொரு வகைதான்.

அக்குறையைப் போக்கவே ஜெல் வந்தது. 2011 வாக்கில் அமெரிக்கச் சந்தையில் பெருகத் தொடங்கிய ஜெல் மெத்தைகளில் மூன்று அமைப்புகள் உண்டு. சிறு மணிகளாக நுரையினுள் தூவப்பட்ட ஜெல் ஒன்று. நுரை வார்க்கும்போதே சுழியச் சுழியக் கலக்கப்பட்ட ஜெல் மற்றொன்று. மேற்பரப்பில் தனி ஏடாகப் பூசப்பட்ட ஜெல் வேறொன்று. மூன்றிலும் ஜெல் செய்யும் வேலை ஒன்றே. அது நுரையைவிட வெப்பத்தை விரைவாகக் கடத்துவதாலும், ஒரே கனஅளவில் நுரையைவிடக் கூடுதலான வெப்பத்தைத் தன்னுள் ஏற்பதாலும், தொட்டவுடன் தோலிலிருந்து சூட்டை வாங்கிக்கொள்கிறது. ஒரே அறையில் இரவு முழுதும் கிடந்த எவர்சில்வர் சொம்பும் மரக்கரண்டியும் ஒரே வெப்பநிலையில் இருந்தும், சொம்பு மட்டும் கைக்குச் சில்லென்று படுவது போன்றதே இது. தொட்டவுடன் எழும் இவ்வுணர்வை அளப்பதற்கு ஜப்பானிய அறிஞர் கவபாட்டா வடிவமைத்த துணி ஆய்வுக் கருவிகளுள் ஒன்று பயன்படுகிறது. அது அளப்பது, சூடான தகடொன்று பொருளைத் தொட்ட முதற்கணத்தில் பாயும் வெப்பத்தின் உச்ச அளவை மட்டுமே. முதற்கணத்தின் எண்ணை எட்டு மணி நேர உறக்கத்திற்கான சான்றாகக் காட்டும் விளம்பரம் அளவீட்டைப் பொய்யாக்கவில்லை. அதன் பொருளை மாற்றிவிடுகிறது.

ஜெல்லின் ஏற்புத்திறன் எவ்வளவு என்பதை ஓர் எளிய கணக்கால் மதிப்பிடலாம். 78க்கு 72 அங்குல அளவுள்ள, கடைக்காரர் மொழியில் கிங் சைஸ் எனப்படும் மெத்தையின் மேலே ஓர் அங்குல மெமரி ஃபோம் அடுக்கு இருப்பதாகவும், அதன் அடர்த்தி கனமீட்டருக்கு 50 கிலோ என்றும் கொண்டால், அவ்வடுக்கின் எடை ஏறத்தாழ 4.6 கிலோ ஆகும். அதில் பத்தில் ஒரு பங்கு ஜெல் எனத் தாராளமாகக் கொண்டாலும் ஜெல்லின் எடை அரைக் கிலோவை எட்டாது. ஒரு கிலோ ஜெல்லை ஒரு பாகை சூடாக்கச் சுமார் 2 கிலோஜூல் வேண்டும் எனின், 30 பாகையில் இருக்கும் அந்த ஜெல் முழுவதும் தோலின் வெப்பநிலையான 34 பாகையை எட்டுவதற்கு ஏறத்தாழ 3.7 கிலோஜூல் போதும். உறங்கும் மனித உடல் சுமார் 70 வாட் வெப்பத்தை இடையறாது வெளிவிடுகிறது. அதில் நான்கில் ஒரு பங்குதான் மெத்தைப் பக்கம் செல்கிறது என்று வைத்துக்கொண்டாலும், அந்த ஜெல்லின் ஏற்புத்திறன் மூன்றரை நிமிடத்தில் தீர்ந்துவிடும். உடலுக்கு நேர் கீழே இருக்கும் ஜெல் மட்டுமே பயன்படும் என்பதைக் கணக்கில் கொண்டால் அந்நேரம் இன்னும் சுருங்கும். எடுகோள்களை இரட்டித்தாலும், மும்மடங்காக்கினாலும் விடை நிமிடங்களிலேயே நிற்கும், மணிக்கணக்கை எட்டாது. ஜெல் வெப்பத்தைச் சற்று நேரம் வாங்கி வைக்கும் இடமேயன்றி, வெப்பத்தை அறைக்கு வெளியே கொண்டுபோகும் கருவியன்று. குளிர்ச்சியை உண்டாக்கும் ஆற்றல் அதற்கு இல்லை.

இதைவிட நுட்பமானது நிலை மாறும் பொருள் என்பது. பாரஃபின் மெழுகு போன்ற பொருளை நுண்ணிய உறைகளில் அடைத்து மெத்தையின் மேலுறையிலோ நுரையிலோ சேர்ப்பர்; அது 28 முதல் 32 பாகைக்குள் உருகுமாறு தேர்ந்தெடுக்கப்படும். திண்மம் உருகும்போது வெப்பநிலை உயராமலே பெருமளவு வெப்பத்தை உள்வாங்கும். உள்ளுறை வெப்பம் எனப்படும் இவ்வளவு, கிலோவுக்கு 200 கிலோஜூலை ஒட்டி இருப்பதால், முந்நூறு கிராம் மெழுகு மேற்கூறிய ஜெல்லைவிடப் பதினைந்து மடங்குக்கு மேல் வெப்பத்தை ஏற்க வல்லது. ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்கு அது உண்மையாகவே துணைசெய்யும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: படுக்கும்போது அது உறைந்த நிலையில் இருக்க வேண்டும்.

திருச்சிராப்பள்ளியின் கோடையில் அந்நிபந்தனை நிறைவேறுவதில்லை. பகலில் 40 பாகையைத் தொடுவதும் தாண்டுவதும் இங்கு வழக்கம்; மே மாதத்தில் இரவின் சராசரிக் குறைந்தபட்ச வெப்பநிலையே 26, 27 பாகை அளவில் இருக்கும். அதுவும் திறந்த வெளியில், விடியலுக்குச் சற்று முன் பதிவாகும் அளவு. கான்கிரீட் கூரை பகல் முழுதும் வாங்கிய வெயிலை முன்னிரவில்தான் அறைக்குள் இறக்கும். மேல்மாடிக் குடியிருப்பில் மின்விசிறியின் கீழே இரவு பத்து மணிக்கு அறை 33 பாகைக்கு மேல் இருப்பது அக்னி நட்சத்திர நாட்களில் புதுமையன்று. ஸ்ரீரங்கத்தின் உத்திர வீதிகளிலும் சித்திரை வீதிகளிலும் முன்பிருந்த திண்ணையும் ரேழியும் கூடமும் முற்றமும் கொண்ட ஓட்டு வீடுகளில், தெருவிலிருந்து கொல்லைவரை ஓடிய காற்றும் வானுக்குத் திறந்த முற்றமும் அந்த வெப்பத்தை வெளியேற்றின. அவ்வீடுகள் இடிக்கப்பட்டு எழுந்துள்ள அடுக்ககங்களில் அப்பாதை இல்லை. இத்தகைய அறையில் நிலை மாறும் மெழுகு, ஒருவர் படுப்பதற்குப் பல மணி நேரம் முன்பே உருகிக் கிடக்கும். இரவில் அது மீண்டும் உறைவதற்கும் வழியில்லை. ஜெல்லின் நிலையும் அதுவே: அறை 33, தோல் 34 என்றால் அது வாங்கிக்கொள்ள எஞ்சியிருப்பது ஒரு பாகை மட்டுமே.

கடையில் இதன் மறுதலை நிகழ்கிறது. குளிரூட்டப்பட்ட காட்சியறையில் 24, 25 பாகையில் நாள் முழுதும் கிடக்கும் மெத்தையின்மீது வாடிக்கையாளர் வெயிலிலிருந்து வந்து இரண்டு மூன்று நிமிடம் படுத்துப் பார்க்கிறார். ஜெல்லுக்கும் தோலுக்கும் இடையே ஒன்பது, பத்துப் பாகை வேறுபாடு இருக்கிறது. ஜெல் வேலை செய்யக்கூடிய அந்தச் சில நிமிடங்களும் சோதனையின் நேரமும் ஒன்றாக அமைந்துவிடுகின்றன. அதே குளிரில் நுரை சற்று விறைப்பாகவும் இருப்பதால் தாங்குதலும் நிறைவாகத் தோன்றும். வீட்டிற்கு வந்தபின் இரண்டும் மாறுகின்றன: குளிர்ச்சி மறைகிறது, நுரை இளகுகிறது. விற்பவர் பொய் சொல்லாமலே வாங்குபவர் ஏமாறும் நிலை இது. இந்த மெத்தைகளின் விற்பனை முறையில் மிகக் கவலைக்குரியதும் இதுவே. குளிரூட்டி இரவு முழுதும் ஓடும் படுக்கையறை உள்ளவருக்குக் கடையின் அனுபவம் ஓரளவு வீட்டிலும் தொடரும் என்பதை மறுக்க இயலாது. ஆனால் அங்கே குளிர்ச்சியைத் தருவது இயந்திரம். ஜெல் அக்குளிர்ச்சியைப் படுத்த சில நிமிடங்களுக்கு முதுகுப் பக்கமும் உணரச் செய்கிறது.

அறையின் வெப்பநிலை தோலின் வெப்பநிலையை நெருங்கும்போது உடல் தன் வெப்பத்தைக் கடத்துதலாலோ கதிர்வீச்சாலோ பெரிதாக இழக்க முடியாது. எஞ்சும் வழி வியர்வை ஆவியாதல் ஒன்றே. ஒரு கிராம் வியர்வை தோலிலிருந்து ஆவியாகும்போது சுமார் 2.4 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. மணிக்கு 30 கிராம், அதாவது ஆறு சிறு தேக்கரண்டி அளவு வியர்வை ஆவியானால் போதும், 72 கிலோஜூல் போய்விடும். முன்னர்க் கணக்கிட்ட ஜெல் ஓர் இரவில் ஒரே முறை வாங்கிக்கொள்ளும் அளவைப்போல் இது ஏறத்தாழ இருபது மடங்கு, அதுவும் ஒவ்வொரு மணி நேரமும். ஆகவே வெப்பமான ஊரில் ஒரு படுக்கையின் குளிர்ச்சி என்பது அது எவ்வளவு வெப்பத்தை வாங்குகிறது என்பதைவிட, எவ்வளவு நீராவியைத் தன் வழியே போகவிடுகிறது என்பதையே பொறுத்தது. இதனை அளக்கும் முறையும் உலகில் இல்லாமலில்லை. வியர்க்கும் தகடு எனப்படும், நீர் கசியுமாறு அமைந்த சூடான தகட்டின்மீது பொருளைப் பரப்பி, அது வெப்பத்துக்கும் நீராவிக்கும் காட்டும் தடையைத் தனித்தனியே கணிக்கும் ஐ.எஸ்.ஓ. 11092 என்ற பன்னாட்டுத் தரம் துணிகளுக்காக வகுக்கப்பட்டுள்ளது. அதனை ஒட்டிய எண்ணொன்றை மெத்தையின் உறையிலும் மேலடுக்கிலும் அளந்து அச்சிட்டால், நீலநிறச் சுழிகளையும் பனித்துளிப் படங்களையும்விட அது வாங்குபவருக்குப் பன்மடங்கு பயன்படும்.

இவ்வளவுகோலைக் கொண்டு பார்த்தால் இவ்வட்டாரத்தின் பழைய படுக்கைகள் எளிமை காரணமாக மட்டும் நிலைபெற்றவை அல்ல என்பது விளங்கும். காவிரிப் படுகையில் விளையும் கோரையைக் கொண்டு முசிறிப் பகுதியில் நெய்யப்படும் கோரைப்பாய், உடலோடு முழுவதும் ஒட்டாத மேடுபள்ளமான பரப்பை உடையது. தண்டுகளுக்கு இடையே காற்றும் ஈரமும் செல்லும். சிமென்ட் தரையின்மீது விரிக்கும்போது தரையின் பெருந்திணிவு வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். கயிற்றுக் கட்டிலிலும் நாடாக் கட்டிலிலும் முதுகின் கீழேயும் காற்று ஓடும். இன்றைய பெட்டிக் கட்டிலின் அடைத்த ஒட்டுப்பலகை அந்தக் காற்றையும் தடுத்துவிடுகிறது. மெத்தையின்மீது குற்றம் சாட்டப்படும் வெக்கையில் ஒரு பங்கு கட்டிலுக்கும் உரியது. போடிநாயக்கனூர்ப் பகுதியிலிருந்து வரும் இலவம்பஞ்சின் இழை உட்புழை கொண்டது. இழைகளுக்கு நடுவே நீராவி எளிதாக நகரும். அது காலப்போக்கில் கட்டிதட்டும், ஆனால் வெயிலில் உலர்த்தி, பஞ்சைப் பிரித்து அடித்து, புது உறையில் மீண்டும் திணிக்க இயலும். பாலியூரித்தேன் நுரையை மொட்டைமாடியில் நேர் வெயிலில் காயப்போட்டால் புற ஊதாக் கதிர் அதன் பிணைப்புகளைச் சிதைத்து மஞ்சளாக்கி உதிரச் செய்யும். ஈரத்தை வெயில்காட்டிப் போக்கும் பழக்கமுள்ள குடும்பங்களுக்கு இதனைச் சொல்லி விற்பவர் மிகச் சிலரே.

திருப்பாவையின் 19ஆம் பாசுரத்தில் வரும் படுக்கைக்கு வைணவ உரைமரபு ஐந்து குணங்களைச் சொல்லும்போது, மென்மையையும் குளிர்ச்சியையும் தனித்தனியே எண்ணியது. அரங்கன் பள்ளிகொண்ட ஊரில் மார்கழிதோறும் விளக்கப்படும் அந்த வேறுபாடு மெத்தை ஆய்வுக்கும் அப்படியே பொருந்துகிறது. மெமரி ஃபோமில் மென்மையைக் கூட்டக் கூட்டக் குளிர்ச்சி குறைகிறது. இரண்டையும் ஒருங்கே தருவதாகச் சொல்லும் விளம்பரம் அம்முரண்பாட்டை எவ்வாறு தீர்த்தது என்று காட்டக் கடமைப்பட்டது.

முதுகுவலி பற்றிய உரிமைகோரலுக்குக் குளிர்ச்சியைவிட உறுதியான மருத்துவச் சான்று உண்டு, ஆனால் அச்சான்று சொல்வது வேறு. ஸ்பெயினில் கோவாக்ஸ் குழுவினர் நாட்பட்ட இடுப்புவலியுள்ள 313 பேரிடம் நடத்தி 2003இல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வு, கடினமான மெத்தையைவிட நடுத்தர உறுதியுள்ள மெத்தையில் உறங்கியோர் 90 நாட்களில் கூடுதலாக வலி தணிந்ததைக் கண்டது. ஒன்று மிகக் கடினம், பத்து மிக மென்மை என்ற ஐரோப்பிய அளவுகோலில் ஒப்பிடப்பட்ட இரண்டும் 2.3, 5.6 ஆகியன. முதுகுவலிக்காரர் பலகையில் படுக்க வேண்டும் என்ற நெடுநாள் அறிவுரையை இது அசைத்தது. எனினும் ஆராயப்பட்டது உறுதியின் அளவே. அதனை ஜெல்லுக்கான சான்றாகக் கொள்ள இடமில்லை. ஆர்த்தோபீடிக் என்று மெத்தையின் பெயரில் சேர்க்கப்படும் சொல்லும் வணிகப் பெயரேயன்றி மருத்துவத் தகுதிச் சான்று அன்று.

உடலின் அழுத்தத்தைப் பரவலாக்குவதில் மெமரி ஃபோம் உண்மையிலேயே வல்லது. தோள், இடுப்பு முனைகளில் அழுத்தம் குறையும். அருகில் படுத்தவர் புரளும் அசைவும் மற்றவரை எட்டாது. ஒருக்களித்துப் படுப்போருக்கு இது பெரும் உதவி. ஸ்ரீரங்கத்தில் தனித்து வாழும் முதியோர் பலருக்கு, வெளியூரிலும் வெளிநாட்டிலும் உள்ள மக்கள் அன்போடு இணையத்தின்வழி அனுப்பிவைக்கும் மெத்தைகளைப் பொறுத்தவரை வேறொன்றையும் எண்ண வேண்டும். மெல்ல மீளும் நுரையில் அமிழ்ந்த உடல் புரள்வதற்குக் கூடுதல் முயற்சி தேவை. விளிம்பில் அமர்ந்து எழும்போது விளிம்பு சரியும். எட்டு அங்குல மெத்தை கட்டிலின் உயரத்தைக் கூட்டிக் கால் தரையில் ஊன்றாதபடி செய்யும். இரவில் இருமுறை எழவேண்டிய எழுபது வயதினருக்கு இவையெல்லாம் குளிர்ச்சியைவிட முதன்மையானவை. சிறுநீர்க் கசிவுக்கு அஞ்சி நீர்புகா உறை போட்டுவிட்டால், மெத்தையின் மேலுறை எவ்வளவு காற்றோட்டமுடையதாக இருந்தாலும் அது பயனற்றுப் போகும். தோலுக்கும் ஜெல்லுக்கும் நடுவில் நெகிழிப் படலமொன்று வந்துவிடுகிறது. இத்தகையோருக்கு மேலே ஓர் அங்குலத்திற்கு மிகாத மெமரி ஃபோமும், கீழே உறுதியான ரப்பர் பூசிய தென்னைநார் அடுக்கோ மீள்திறன் மிக்க நுரையோ உள்ள மெத்தை ஏற்றதாகும்.

வேதிப்பொருளற்றது என்ற உரிமைகோரலில் நெடுநேரம் தங்க வேண்டியதில்லை. 2013இல் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம், ஆவியாகும் கரிமச் சேர்மங்கள் தம் மெத்தையில் இல்லை எனச் சான்றின்றி விளம்பரம் செய்த மூன்று நிறுவனங்கள்மீது நடவடிக்கை எடுத்து அக்கூற்றைக் கைவிடச் செய்தது. செர்ட்டிப்பூர், ஓக்கோடெக்ஸ் போன்ற முத்திரைகள் தீங்கான பொருட்களின் அளவைப் பற்றிப் பேசுகின்றன. அவை மதிப்புள்ளவை, ஆயினும் அவற்றுள் எதுவும் மெத்தை குளிர்ந்திருக்கும் என்று சான்றளிப்பதில்லை.

உழைப்பைப் பற்றிய மதிப்பீட்டுக்கு வாங்குபவர் கையிலேயே ஓர் அளவுகோல் இருக்கிறது. கடைக்காரர் 32 டென்சிட்டி, 40 டென்சிட்டி என்று சொல்வது ஒரு கனமீட்டர் நுரையின் எடையைக் கிலோவில் குறிப்பது. அடர்த்தி வேறு, உறுதி வேறு. அடர்த்தி மிக்க நுரை மென்மையாகவும் இருக்கலாம். ஆனால் நெடுங்காலம் குழிவிழாமல் இருப்பது பெரும்பாலும் அடர்த்தியைச் சார்ந்தது. மலிவான நுரையில் அடர்த்தியைக் கூட்டிக்காட்டச் சுண்ணத்தூள் போன்ற நிரப்பி சேர்ப்பதும் உண்டு என்பதால் அதுவும் முழுச்சான்று ஆகாது. 78க்கு 72 அங்குலப் பரப்பும் ஆறு அங்குலக் கனமும் உள்ள மெத்தையின் கனஅளவு 0.55 கனமீட்டர், சராசரி அடர்த்தி 40 எனில் அது 22 கிலோ இருக்க வேண்டும். எடைபோட்டால் 15 கிலோதான் என்றால் சராசரி அடர்த்தி 27ஐ ஒட்டியே இருக்கிறது, மேலுறையின் எடையையும் கழித்தால் அதற்கும் கீழே. பெயர்ப்பலகையில் ஜெல் மெமரி ஃபோம் என்று எழுதப்பட்ட மெத்தைகள் பலவற்றில் அந்நுரை ஓரிரு அங்குலமே. எஞ்சியது சாதாரண நுரை, அல்லது துண்டு நுரையை அழுத்தி ஒட்டிய ரீபாண்டட் ஃபோம். அடுக்குகளின் கனமும் ஒவ்வொன்றின் அடர்த்தியும் எழுத்தில் தரப்படாத மெத்தையை வாங்குவது பெயரை வாங்குவதே ஆகும்.

இந்தியத் தர நிர்ணய அமைவனம் வீட்டு மெத்தைகளுக்கான பாலியூரித்தேன் நுரைக்கு ஐ.எஸ். 7933 என்ற தரத்தையும், ரப்பர் பூசிய தென்னைநார்த் தகட்டுக்கு ஐ.எஸ். 8391 என்ற தரத்தையும் வகுத்துள்ளது. முதலாவது 1975ஆம் ஆண்டுக்கு உரியது. மெமரி ஃபோம் சந்தைக்கு வருவதற்கும், குளிர்ச்சி ஒரு விற்பனைச் சொல்லாவதற்கும் வெகு முற்பட்டது. இந்த இடைவெளியை ஓரளவு நிரப்புவது விளம்பரச் சட்டமே. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறாக வழிநடத்தும் விளம்பரத்தை வரையறுத்து, அதற்கு முதன்முறை 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் தண்டம் விதிக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் அளிக்கிறது. 2022 ஜூனில் வெளியான வழிகாட்டு நெறிகள், ஒரு பொருளின் அறிவியல் ஏற்புடைமையையோ நடைமுறைப் பயனையோ மிகைப்படுத்தலாகாது என்றும், அளந்தறியத்தக்க கூற்றுக்குக் கேட்கும்போது சான்று காட்ட வேண்டும் என்றும், நிபந்தனைக் குறிப்பு விளம்பரத்தின் மொழியிலேயே இருக்க வேண்டும் என்றும் விதிக்கின்றன. தமிழில் குளிர்ச்சியை முழங்கிவிட்டு, குறிப்பிட்ட ஆய்வகச் சூழலில் என்பதை மட்டும் ஆங்கிலத்தில் பொடியெழுத்தில் போடுவது இந்நெறிக்கு மாறானது. குளிர்ச்சி தரும் என்பது அளந்தறியத்தக்க கூற்று. எந்த வெப்பநிலையில், எத்தனை மணி நேரம், எத்தனை பாகை என்ற மூன்றையும் கேட்க நுகர்வோருக்கு உரிமை உண்டு. வாங்கியவர் தாம் வாழும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம் என்பதால், பெங்களூரிலோ மும்பையிலோ உள்ள விற்பனையாளர்மீதும் திருச்சிராப்பள்ளி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டாண்டுக்குள் முறையிட இயலும்; 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு முறையீட்டுக் கட்டணம் கிடையாது; ஆய்வகச் சோதனையின்றி குறையைத் தீர்மானிக்க முடியாதபோது மாதிரியை உரிய ஆய்வகத்துக்கு அனுப்பவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

உத்தரவாத அட்டையையும் விளம்பரத்தைப் படிக்கும் கவனத்தோடு படிக்க வேண்டும். பத்தாண்டு என்பது பொதுவாக உற்பத்திக் குறைக்கும், ஓர் அங்குலத்தையோ ஒன்றரை அங்குலத்தையோ தாண்டிய நிரந்தரக் குழிக்கும் மட்டுமே. நுரை இளகிப்போவதையும் குளிர்ச்சி குறைவதையும் அது உள்ளடக்குவது அரிது. நூறு இரவு பயன்படுத்திப் பார்த்துத் திருப்பித்தரும் ஏற்பாடு இவற்றினும் நேர்மையானது, ஏனெனில் அது சோதனையைக் கடையிலிருந்து வீட்டிற்கு மாற்றுகிறது. ஆயினும் அதுவும் வாங்கும் நாளைப் பொறுத்தது. பொங்கல் தள்ளுபடியில் ஜனவரி 15இல் வந்திறங்கிய மெத்தையின் நூறு இரவுகள் ஏப்ரல் 25ஆம் நாளோடு முடிந்துவிடும். அக்னி நட்சத்திரம் தொடங்குவது மே மாதம் முதல் வாரத்தில். தீபாவளித் தள்ளுபடியில் வாங்கியதன் நூறு இரவுகள் மாசி மாதத்தைத் தாண்டுவதே இல்லை. பங்குனியின் நடுவில் வாங்கி, குளிரூட்டி இல்லாத இரவுகளிலும் நீர்புகா உறையின்றிப் பருத்தி விரிப்பு மட்டும் விரித்துப் படுத்து, ஆனி பிறக்கும்வரை பார்க்கிறவருக்கே, அந்த மெத்தை இவ்வூரின் கோடையில் எப்படி நடந்துகொள்கிறது என்பது திருப்பித்தரும் கெடு முடிவதற்குள் தெரியவரும்.